சி.இ.ஏ. ஏறிவிட்டது, அப்பாவுக்கு எத்தனை மாதம்?

புற்றுநோய் மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாலிப வயதில் தொடங்கிய பீடியைப் பேத்தி பிறந்த பிறகுதான் விட்டார். இடது நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய், முதுகெலும்புக்கும் பரவிவிட்டதால் நான்காம் நிலை என்கிறார்கள். மரபணுப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகளின் முதல் தவணை ஏற்றினார்கள். அதற்கு முன் மருத்துவமனையில் ரத்தத்தில் பார்த்த சி.இ.ஏ. என்ற புற்றுநோய் மார்க்கர் 38. இரண்டாம் தவணைக்குப் போக வேண்டிய நாளன்று காலையில், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தம்பி ஏற்பாடு செய்தான். சி.இ.ஏ. 61. நியூட்ரோஃபில் 81 சதவீதம், லிம்போசைட் 11. எல்.டி.ஹெச். 342, அல்புமின் 3.1. தம்பி இணையத்தில் ஏதோ ஆய்வைப் படித்துக் கணக்குப் போட்டு, அப்பா 'மோசமான பிரிவு', 3 மாதம்தான் என்று அழுகிறான். அப்பாவுக்கு நோயின் பெயரே தெரியாது. கீமோ வேலை செய்யவில்லையா? எத்தனை மாதம் இருப்பார்? அவரிடம் சொல்லலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்)

பதில்: தம்பி படித்தது எந்த ஆய்வு என்று எனக்குத் தெரிகிறது. 2018-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் முன்னின்று வெளியிட்டது. நியூட்ரோஃபிலின் எண்ணிக்கையை மற்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 3-க்கு மேல் வருகிறதா, எல்.டி.ஹெச். ஆய்வுக்கூடத்தின் மேல்வரம்பைத் தாண்டுகிறதா என்று இரண்டே கேள்விகள். இரண்டுக்கும் 'இல்லை' என்றால் நல்ல பிரிவு, ஒன்றுக்கு 'ஆம்' என்றால் நடுப்பிரிவு, இரண்டுக்குமே 'ஆம்' என்றால் மோசமான பிரிவு. அவர்கள் முதலில் ஆராய்ந்த குழுவில் இந்த மூன்று பிரிவினரின் இடைநிலை ஆயுட்காலம் முறையே 34, 10, 3 மாதங்கள். தம்பியின் வகுத்தலில் பிழையில்லை. 81-ஐ 19-ஆல் வகுத்தால் 4-க்கு மேல்தான் வரும்.

ஆனால் அந்த ஆய்வு இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றியது. சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த ரத்தத்தை வைத்துச் செய்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கீமோ மட்டும் பெற்ற ஒரு குழுவையும் அதே கட்டுரையில் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழுவில் மூன்று பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் வேறு சிகிச்சைகளிலும் ஓரளவு வேறுபாடு தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எப்படிப் பார்த்தாலும், அன்று காலை எடுத்த ரத்தம் இந்தக் கணக்குக்கு உதவாது. அதற்கான காரணம் அப்பாவின் மாத்திரை டப்பாவில் இருக்கிறது.

பெமெட்ரெக்ஸெட் ஏற்றுவதற்கு முந்தின நாள், ஏற்றும் நாள், மறுநாள் ஆகிய மூன்று நாளும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுப்பது வழக்கம். தோலில் தடிப்பு வராமல் இருக்கத்தான். அது ஒரு ஸ்டீராய்டு. ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில்களை ரத்த ஓட்டத்துக்குள் இழுத்து விடும்; லிம்போசைட்டுகளைக் குறைக்கும். முந்தின நாளே மாத்திரையைத் தொடங்கியிருந்தால், நீங்கள் பார்த்த 81-லும் 11-லும் ஸ்டீராய்டின் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. சளிக் காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் இதே கதிதான். கணக்குப் போட்டே ஆக வேண்டும் என்று தம்பி நினைத்தால், எந்த ஸ்டீராய்டும் தொடங்கும் முன் மருத்துவமனையில் எடுத்த முதல் அறிக்கை கோப்பில் இருக்கும். அதில் போட்டுப் பார்க்கட்டும்.

எல்.டி.ஹெச். சிவப்பணுக்களுக்குள் நிறைய இருக்கும் ஒரு நொதி. நரம்பு கிடைக்காமல் ஊசியைக் குத்தி வேகமாக உறிஞ்சினாலோ, குழாயைக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து அது வெளியே கொட்டிவிடும். வீட்டில் எடுத்த ரத்தம் சென்னை வெயிலில் இருசக்கர வாகனத்தில் எத்தனை தெரு சுற்றி ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கட்டி பெரிதாக இருப்பதாலும், கல்லீரலுக்குப் பரவியிருந்தாலும் எல்.டி.ஹெச். ஏறும் என்பது உண்மைதான். அதனால்தான் இதை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. மருத்துவமனையிலேயே இன்னொரு முறை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இனி சி.இ.ஏ. இது 1965-இல் கனடாவின் மான்ட்ரியலில் கோல்ட், ஃப்ரீட்மேன் என்ற இருவர் குடல் புற்றுநோயில் கண்டுபிடித்த புரதம். நுரையீரலுக்கென்று உள்ளதல்ல. புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கல்லீரல் நோயிலும் குடல் அழற்சியிலும் ஏறும். உங்கள் அப்பாவின் 38, 61 இரண்டுமே புற்றுநோயிலிருந்து வருபவைதான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் எண் ஒரு கருவியில் அளந்தது, இரண்டாவது வேறொரு கருவியில் அளந்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் ரசாயனம் வேறு, அளவீடு வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஏறியது, இறங்கியது என்று சொல்வதே தவறு. ஒரே இடத்தில் அளந்திருந்தாலும், முதல் தவணைக்குப் பிறகு கட்டியின் அணுக்கள் சிதையும்போது சிலருக்கு சி.இ.ஏ. தற்காலிகமாக ஏறி, பிறகு இறங்குவதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே கீமோ தோற்றுவிட்டது என்று இந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியது இரண்டு மூன்று தவணைக்குப் பிறகு எடுக்கும் சி.டி. ஸ்கேனும், அப்பாவின் இருமலும் முதுகுவலியும்தான்.

நீங்கள் அனுப்பிய எண்களில் என்னைச் சற்று நிறுத்தி வைத்தது அல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவு, 3.1. இது 3.5-க்குக் கீழே போனவர்களுக்குச் சிகிச்சையைத் தாங்குவது கடினம் என்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நோய் உடலில் மூட்டிவிடும் அழற்சியால்தான் இது பெரும்பாலும் இறங்குகிறது. தினம் நாலு முட்டை வெள்ளைக்கரு கொடுத்தால் எண் ஏறிவிடும் என்று எதிர்பார்த்து அவரை வற்புறுத்தாதீர்கள். அதற்குப் பதில் வாரம் ஒரு நாள், ஒரே தராசில், காலையில் எடை பாருங்கள். குறைந்துகொண்டே போனால் மருத்துவரிடம் அந்த எண்களைக் காட்டுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு வேளையாக்குங்கள். மீன் குழம்பு பிடிக்கும் என்றால் மீன் குழம்பு, இட்லிதான் இறங்குகிறது என்றால் இட்லி. 'கேன்சருக்குச் சர்க்கரை ஆகாது, பால் ஆகாது' என்று உறவினர் யாராவது அவருடைய தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினால், நான் சொன்னதாகச் சொல்லி நிறுத்துங்கள். நோயாளி மெலிவதில் வீட்டாரின் பத்தியத்துக்கும் பங்கிருப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப் போயிருக்கிறேன்.

'எத்தனை மாதம்' என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு மிக நெருக்கமாகப் பதில் சொல்லும் இரண்டு விஷயங்களை நீங்கள் எழுதவே இல்லை. ஒன்று, அப்பா நாளை எப்படிக் கழிக்கிறார்? காலையில் தானே எழுந்து குளித்து, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறாரா? பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையிலா? நாங்கள் இதை 0 முதல் 5 வரை ஓர் அளவுகோலில் குறித்துக்கொள்கிறோம். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் குழு ஒன்று 1982-இல் வெளியிட்ட அந்தச் சாதாரண அளவுகோல், எந்த ரத்தப் புரதத்தையும்விட அதிகம் சொல்கிறது. நோயாளி அறைக்குள் நடந்து வருகிறாரா, சக்கர நாற்காலியில் வருகிறாரா என்று நான் தலை நிமிர்ந்து பார்ப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, வராத அந்த மரபணு முடிவு. 2002-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்கு அன்றைய கீமோ கொடுத்தபோது இடைநிலை ஆயுள் 8 மாதத்தைத் தொடவில்லை. இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுத்துப் பார்த்த உலகளாவிய ஆய்வில் அது 38.6 மாதம். ஏ.எல்.கே. மாற்றம் உள்ளவர்களில் லார்லாட்டினிப் எடுத்தவர்களுக்கு, 5 ஆண்டு கழித்தும் நூற்றுக்கு 60 பேருக்கு நோய் முன்னேறவில்லை. எல்லாமே முற்றிய நோய்தான், ரத்தத் தாளும் பலருக்கு ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். நம் நாட்டில் அடினோகார்சினோமா உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கிறது. பீடி குடித்தவர்களுக்கு அது குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. அந்த அறிக்கைக்காக மருத்துவமனைக்கு ஒவ்வொரு நாளும் போன் செய்யுங்கள். பயாப்சித் துண்டு போதவில்லை என்று சொன்னால் ரத்தத்திலேயே பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முடிவு வருவதற்குள் இம்யூனோதெரபியைச் சேர்க்கச் சொல்லி அவசரப்படுத்தவும் வேண்டாம். அதைக் கொடுத்த கையோடு ஓசிமெர்டினிப் கொடுக்க நேர்ந்தால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது.

இடைநிலை என்ற சொல் வரும் இடத்திலெல்லாம், பாதிப்பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். எண்ணைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: 'நாம் பேசுவது வாரங்களையா, மாதங்களையா, வருடங்களையா? நன்றாகப் போனால் எப்படி, மோசமாகப் போனால் எப்படி?' நேர்மையான மருத்துவர் ஓர் எல்லைக்குள் பதில் சொல்வார். ஒற்றை எண்ணைத் தேதி போலச் சொல்லமாட்டார்.

அப்பாவிடம் சொல்லலாமா என்றால், சொல்ல வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. முதலில் அவரிடமே 'உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்' என்று மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். 'என் மகளிடம் சொல்லுங்கள், போதும்' என்றால் அது அவருடைய உரிமை. அதையும் மதிக்க வேண்டும். ஆனால் அவர் வாயைத் திறக்கும் முன்னே நீங்கள் முடிவு செய்துவிடாதீர்கள். தலைமுடி உதிரும் நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கீமோ ஏற்றிக்கொண்டவருக்கு ஒன்றும் தெரியாது என்று நம்புகிறீர்களா? பெரும்பாலான அப்பாக்கள், பிள்ளைகள் உடைந்துவிடுவார்களே என்று தெரியாதது போல் இருப்பவர்கள். அவருக்கு ஓய்வூதியக் கணக்கு இருக்கும், வீட்டுப் பத்திரம் இருக்கும், பார்க்க வேண்டிய அண்ணன் தம்பி இருப்பார்கள். அதற்கெல்லாம் அவருக்கு நேரம் வேண்டும்.

வலித்தணிப்பு மருத்துவரையும் இப்போதே பாருங்கள். கடைசியில் பார்க்க வேண்டியவர் என்று ஒதுக்காதீர்கள். 2010-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து நடத்திய ஆய்வில், தொடக்கத்திலிருந்தே வலித்தணிப்புக் குழுவையும் பார்த்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்களுடைய இடைநிலை ஆயுள் 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9. முதுகெலும்பு நோயாளி என்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: காலில் திடீரென்று பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: என் கணவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள நுரையீரல் புற்றுநோய். ஓசிமெர்டினிப் எடுக்கத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்பத்தில் 112 இருந்த சி.இ.ஏ. 4-க்கு இறங்கியது. இப்போது ஒரே ஆய்வுக்கூடத்தில் 9, 14, 23 என்று ஏறுகிறது. சி.டி.யில் மாற்றமில்லை என்கிறார்கள். மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா?
(வாசகி, கிழக்குத் தாம்பரம்)

பதில்: பெரம்பூர் வாசகிக்குச் சொன்னதை உங்களுக்கு அப்படியே சொல்ல மாட்டேன். உங்கள் கணவரின் நோய் சி.இ.ஏ.வைச் சுரக்கும் வகை. சிகிச்சையோடு இறங்கியது, ஒரே இடத்தில் அளந்தது, மூன்று முறை தொடர்ந்து ஏறியது. இதை நான் பொருட்படுத்துவேன். ஆனால் எண்ணுக்காக மாத்திரையை மாற்றமாட்டேன். ஸ்கேனில் நோய் வளராதபோது நல்ல மருந்து ஒன்றைக் கைவிட்டால், அதைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. நான் செய்வது, அடுத்த ஸ்கேனைக் குறித்த நாளுக்கு முன்பே எடுப்பது; சி.டி.யில் அகப்படாத மூளைக்கு எம்.ஆர்.ஐ., எலும்புக்குத் தேவைப்பட்டால் பெட் ஸ்கேன். எங்காவது ஒரே இடத்தில் வளர்ந்திருந்தால் அங்கே மட்டும் கதிர்வீச்சு கொடுத்து, அதே மாத்திரையைத் தொடர முடிகிற நோயாளிகள் உண்டு.

நோய் வளர்வது உறுதியானால் ரத்த பயாப்சி கேட்பார்கள். கட்டியிலிருந்து ரத்தத்தில் கசியும் டி.என்.ஏ. துணுக்குகளில் புதிய மாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. அதில் ஏதாவது கண்டுபிடித்தால் நம்பலாம். 'எதுவும் இல்லை' என்று வந்தால் நம்பக் கூடாது, ஏனென்றால் சில கட்டிகள் ரத்தத்தில் போதிய அளவு கசிவதில்லை. அப்போது ஊசி பயாப்சிதான் வழி. அதற்குத் தயங்க வேண்டாம், ஏனென்றால் இந்த மாத்திரைக்குப் பிறகு நோய் சிலருக்குச் சிறு அணு வகை என்ற வேறொரு நுரையீரல் புற்றுநோயாகவே மாறிவிடுகிறது. அதைத் திசுவில்தான் பார்க்க முடியும்.

இன்னொன்று. இந்த மருந்தால் நகமும் தோலும் கெடுகிறது என்று பயோட்டின் மாத்திரை ஏதாவது வாங்கிக் கொடுக்கிறீர்களா? பெரிய அளவு பயோட்டின், பல ஆய்வுக்கூடக் கருவிகளில் சி.இ.ஏ. போன்ற பரிசோதனைகளைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் எடுக்கும் முன் ஆய்வுக்கூடத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சிறு அணு நுரையீரல் புற்றுநோய் உள்ள அப்பா இரண்டு நாளாகப் பெயர் மாற்றிக் கூப்பிடுகிறார், தூங்கிக்கொண்டே இருக்கிறார். சோடியம் 117. உப்புக் கரைத்துக் கொடுக்கிறோம். என்.எஸ்.இ. என்ற மார்க்கரும் 90-க்கு மேல். எது முக்கியம்?
(வாசகர், ராயபுரம்)

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். சோடியம்தான் முக்கியம், அது அவசரம். இந்த வகைப் புற்றுநோய், உடலில் நீரைத் தேக்கி வைக்கும் ஹார்மோனைத் தானே சுரக்கும். உப்பு குறைந்ததால் வந்ததல்ல, நீர் கூடியதால் வந்தது. வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்தால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து தேங்கும். மருத்துவமனையிலும் சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் மூளைத்தண்டுக்கே சேதம் வரும். கீமோவால் நோய் அடங்கும்போது பலருக்குச் சோடியமும் தானாகச் சீராகிறது. என்.எஸ்.இ. கூடுவது நோயின் பாரத்தைக் காட்டும் என்றாலும், சிவப்பணு உடைந்தால் அதுவும் பொய்யாக ஏறும். இன்றைய சிகிச்சையை அது எந்த வகையிலும் மாற்றாது.

கேள்வி: எனக்கு 46 வயது, அம்பத்தூரில் தொழிற்சாலை மேற்பார்வையாளர். தினம் ஒரு பாக்கெட் சிகரெட். ஒரு முழு உடல் பரிசோதனையில் 'எட்டு கேன்சர் மார்க்கர்' சேர்த்துத் தருகிறார்கள். எடுத்துக்கொண்டால் நுரையீரல் புற்றுநோய் முன்கூட்டியே தெரியுமா?
(வாசகர், அம்பத்தூர்)

பதில்: தெரியாது. தொடக்க நிலை நுரையீரல் புற்றுநோயில் சி.இ.ஏ. பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். சாதாரணம் என்று வந்த தாளைப் பார்த்து நீங்கள் இன்னும் பத்து வருடம் புகைப்பீர்கள் என்பதுதான் என் பயம். ரத்தம் எதையும் சொல்லாத இடத்தில் குறைந்த கதிர்வீச்சு சி.டி. சொல்லும். அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் அது நுரையீரல் புற்றுநோய் மரணத்தை 20 சதவீதம் குறைத்தது. அவர்கள் 55 முதல் 74 வயது வரை உள்ளவர்கள், நீண்ட காலம் நிறையப் புகைத்தவர்கள். காசநோய்த் தழும்பு பலர் நெஞ்சிலும் இருக்கும் நம் ஊரில் அதே ஸ்கேன் வீண் பயங்களையும் கிளப்பும். ஆகவே உங்கள் வயதில் அதற்கும் அவசரமில்லை. புகையை நிறுத்த உதவி வேண்டுமென்றால் தேசிய இலவச எண் 1800-11-2356.

மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ, சளியில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலோ எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். காசநோய்ப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும், எக்ஸ்ரே நிழலை மட்டும் பார்த்துக் காசநோய் மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு மாதத்தில் நிழல் கரையவில்லையென்றால் சி.டி.யும் பயாப்சியும் கேட்டு வாங்குங்கள். நான்காம் நிலையில் என்னிடம் வருபவர்களில் கணிசமானவர்கள் அந்த மாத்திரைகளை ஆறு மாதம் முடித்துவிட்டு வருகிறார்கள்.